தூங்குகிறவர்கள் ஐந்து பேர்

— இத மொதல்ல அழிண்ணே. ‘கலையே என் சுவாசம்’. நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கேன்?

— நான் சொல்றேன்ல அப்ரின், சென்னையில கண்காட்சி நடத்துறவுகளுக்கு இப்படி எழுதுனாத்தேன் புடிக்கும். விண்ணப்பம்னா கொஞ்சம் தூக்கலா இருக்கணும். எங்க ஷோரூம் நோட்டீஸ் பூரா இந்த அல்தாப் எழுதுனதுதேன்.

— நான் பிரிட்ஜு விக்கல. எழுது: ‘கம்பம் ஊரில் மத்தியானம் தூங்குகிறவர்களை வரைந்திருக்கிறேன்.’

— அம்புட்டுத்தேனா?

— அம்புட்டுத்தேன். மிச்சத்தப் படத்துல பாத்துக்கிறட்டும்.

— தேர்வுக் குழுவுல மூணு பேராம். எடுக்கலைன்னா?

— எடுப்பாக. திராட்சைப் பந்தலுக்கடியில சுருளியாண்டி அண்ணன் வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குறாரே, அதத் தாண்டி எப்படிப் போவாக?

— சரித்தேன். படங்கள ஏத்துவோம். மொதல்ல சுருளியாண்டி. அடுத்து, ஏலக்காத் தோட்டத்துல இருந்து ஜீப்புல தூங்கிக்கிட்டே திரும்புற அக்கா. அப்பறம், ஆட்டோவுக்குள்ள கால மடக்கிக்கிட்டுப் பாண்டியராஜன். நாலாவது, கடையில நம்ம அத்தா. அஞ்சாவது அம்மா.

— அம்மா வேணாம்.

— ஏ லூசு, அஞ்சு படம் இருந்தாத்தேன் விண்ணப்பமே எடுத்துக்கிருவாக. நான் சொல்றேன்ல, இருக்கறதுலயே நல்ல படம் அதுதேன்.

— எனக்குத் தெரியாதாக்கும்? கீழ பாரு. ‘வரையப்பட்டவர்களின் சம்மதம் பெறப்பட்டது’ன்னு டிக் அடிக்கணும். மத்தவுககிட்டயெல்லாம் படத்தக் காட்டிச் சரின்னு வாங்கிட்டேன். அம்மாகிட்ட மட்டும் கேக்கவேயில்ல.

— நம்ம அம்மாதான? அடிச்சு விடு.

— கல்யாண வீட்டுல கேமராவப் பாத்தாலே தூணுக்குப் பின்னாடி போறவுக. அவுகளுக்குத் தெரியாமத் தெனமும் சமையக்கட்டு வாசல்ல உக்காந்து வரஞ்சிருக்கேன். தூங்குறவுக மூஞ்சிய அவுகளக் கேக்காம ஊருக்குக் காட்ட மாட்டேன்.

— வேணாம்னு சொல்லிட்டாகன்னா?

— அடுத்த வருசம் அனுப்புறேன். வரையத் தெரிஞ்சவளுக்கு ஆளா கெடைக்காது? நீ கூப்புடு.

— அம்மா! இங்கன கொஞ்சம் வாங்க!

— என்னங்கடா? அடுப்ப எரியவிட்டு வந்திருக்கேன், சட்டுனு சொல்லுங்க.

— அம்மா, இந்தப் படத்தப் பாருங்க.

— அட, நம்ம கூடத்துப் பாயில்ல இது?

— படுத்திருக்கறது நீங்கதேன். நீங்க தூங்குறப்ப கேக்காம வரஞ்சுட்டேன். சென்னையில எல்லாரும் பாக்குற எடத்துல மாட்டுவாக. வேணாம்னா இப்பவே எடுத்துர்றேன். கோவமாம்மா?

— மூக்கு கொஞ்சம் பெரிசா இருக்கு.

— உங்க மூக்கே அப்படித்தேம்மா.

— அப்ப இருக்கட்டும். அனுப்பு.

— நெசமாவா? கேமரான்னா ஓடுவீக, இதுக்கு மட்டும் எப்படிம்மா சரிங்கிறீக?

— கேமராக்காரன் என் மூஞ்சிய என்னைக்குடா நின்னு பாத்தான், அல்தாப்பு? படக்குனு அடிச்சுட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிருவான். இவ மணிக்கணக்காப் பாத்தா.

— நான் பாத்தது உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? அசந்து தூங்குனீகளே!

— நான் எங்கடி தூங்குனேன்? நீ பென்சில எடுத்த மொத நாளே முழிச்சுட்டேன். அசைஞ்சா நிறுத்திருவியேன்னுதேன், மூஞ்சியில ஈ உக்காந்தாலும் பொறுத்துக்கிட்டுக் கெடந்தேன்.