ஒன்றா, இரண்டா? வெண்குறுமீனின் முகம் படித்த சாட்சியம்மாவுக்கு

"நிறுத்துங்க! பக்கத்து நட்சத்திரம் இன்னும் உள்ளே வரலை!"

மேற்கே மேகம் திரள, பொத்தானில் இருந்த எங்கள் விரலைத் தட்டிவிட்டு, ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நிறமாலைமானியைத் தாமே திருப்பிய வேகமே! வெண்குறுமீனின் ஒளி நுழையும் மெல்லிய பிளவில் இன்னொரு விண்மீனையும் சாட்சிக்கு நிறுத்தாமல் ஒரு பதிவும் எடுக்காத பிடிவாதமே! 'சாட்சியம்மா' எனப் பெயர் பெற்ற பேரறிவே, வணக்கம்!

எரிந்து முடிந்த விண்மீனான வெண்குறுமீன் ஓய்ந்துவிடவில்லை, துடிக்கிறது. அதன் முகத்தில் ஒரு பகுதி சூடேற, இன்னொரு பகுதி ஆறுகிறது. இடையே ஓடும் எல்லை ஒன்றா, இரண்டா? அது தெரிந்தால்தான் அதன் உள்ளடுக்குகளை அளக்கலாம். எத்தனை பெரிய தொலைநோக்கிக்கும் வெறும் புள்ளியாகவே தெரியும் அம்முகத்தை, நிறமாலையில் ஹைட்ரஜன் பதித்த கருங்கோடுகளில் நிறம் நிறமாக ஒளி ஏறி இறங்குவதைப் பார்த்தே படித்தீர்கள்! எல்லாரும் ஒன்று என்றார்கள். நீங்கள் இரண்டு என்று கட்டுரை எழுதினீர்கள்!

கருத்தரங்கில் வேறொரு கூடத்தின் பெரிய தொலைநோக்கிக்காரர் எழுந்தார். "மேடம், துடிக்கிறது நட்சத்திரம் இல்லை, உங்க தொலைநோக்கியைத் திருப்புற ஓட்டை மோட்டார்!" அரங்கமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

"மோட்டார் ஆடினா சாட்சியும் சேர்ந்து ஆடணுமே சார்? அது பாட்டுக்கு அசையாம நிக்குதே!"

அரங்கம் அடங்கியது, அவர் அடங்கவில்லை. "எங்க தொலைநோக்கியில பார்க்கிறோம். ஒண்ணுன்னு வந்தா கட்டுரையை வாபஸ் வாங்குவீங்களா?"

"வாங்குறேன்."

ஆயுள் உழைப்பை ஒரே சொல்லில் பணயம் வைத்த அஞ்சாமையே! நாங்கள்தான் அன்றிலிருந்து மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தோம். நீங்களோ மறுநாளே தொலைநோக்கியை மூடும் கவிகைமாடத்தின் கதவுக்கு எண்ணெய் போட ஏணியில் நின்றீர்கள்!

அறிவில் கூர்மை, அன்பில் நேர்மை, கோபத்தில் சுருக்கம், கொடுப்பதில் பெருக்கம்! "உப்பு கம்மின்னு சொன்னாக்கூட சாட்சி கேக்குறாங்க" என்று உங்கள் கணவர் புலம்புவதில் மட்டும் நாங்கள் தலையிட மாட்டோம்.

பார்வை மங்காமல், நடை தளராமல், நினைத்த வானமெல்லாம் தெளிந்திருக்க நெடுங்காலம் வாழ்க!

இன்று காலை முதல் உங்களைக் கணினிப் பக்கமே போகவிடாமல் படம், மாலை, கையெழுத்து என்று இழுத்தடித்தோம், பொறுத்தருள்க. இந்தப் பாராட்டு விழாவில் வரவேற்றுப் பேசிய இயக்குநரும் கமுக்கமாக இருந்துவிட்டார். பெரிய தொலைநோக்கியின் முடிவு விடியலிலேயே மின்னஞ்சலில் வந்துவிட்டது. அன்று சவால் விட்டவர் எழுதியிருப்பது ஒரே வரி:

"மேடம், ரெண்டுதான்."

பெருமிதத்தில் நெஞ்சு நிமிரும்,
வானாய்வுக் கூடத்து ஊழியர்கள்