அலமாரியில் இருந்த மூட்டுவாத மாத்திரை

கொரோனா வந்த முதல் மாதங்களில் நான் ஒரு தவறு செய்தேன். மூட்டுவாதக்காரர்கள் தினமும் சாப்பிடும் ஒரு மாத்திரை நோயைத் தடுக்கும் என்று கேள்விப்பட்டு, கோத்தகிரி மருந்துக்கடையில் இருந்த அத்தனையையும் வாங்கி அலமாரியில் பூட்டினேன். படித்தவர் என்று கடைக்காரர் டாக்டர் சீட்டுக் கேட்கவில்லை. எனக்கு மூட்டுவாதம் கிடையாது.

சில வாரம் கழித்து அதே கடை வரிசையில், எனக்கு முன்னால் தேயிலை எஸ்டேட் பெண்கள் இருவர் நின்றார்கள்.

“நல்லா இருக்கறவங்க வாங்கி வெச்சுக்கிட்டாங்களாம் புள்ள. ஊறுகாயா போடுவாங்க?” என்றாள் மூத்தவள்.

“மாத்திரை இல்லாம எப்படிங்க்கா கொழுந்து பறிக்கறீங்க?”

“காலைல வெரல் மடங்காது. சுடுதண்ணில வெச்சு நீவிட்டுக் கொழுந்து வெட்டற கத்தரியப் புடிச்சுருவேன்.”

“தேயிலைக்கு வெலையே இல்ல. எடை கொறஞ்சா வேலையிலருந்து பேர எடுத்துருவாங்க்கா.”

“மாத்திரை வரட்டும், உன்னையவிட ரெண்டு கிலோ கூடப் போடறேன் பாரு.”

கடைக்காரர் அவர்களை அடுத்த வாரம் வரச் சொன்னார். அன்று மாலையே எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்து, அந்த மூத்தவளுக்குக் காசு வாங்காமல் தரச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் நானும் வரிசையில் நின்றேன். “ஒருத்தர் திருப்பிக் குடுத்தாருங்க” என்று அவர் எல்லா அட்டைகளையும் அவள்முன் வைத்தார். அவள் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“மீதி இருக்கட்டுங்க. என்னையாட்ட யாராச்சும் வருவாங்க.”