தூண்குழி கிழிந்த பக்கம்

ஹலோ... ஹலோ, துவராய்? அக்காடா, தாஹியா. இன்னும் வீட்லயா இருக்க? ...பாப்பெய்த்தே டவுன் ரேடியோல பேரலை வருதுன்னு கத்திக்கிட்டே இருக்காங்களே, கேக்கலியா? ...ஆமா, ஆமா, போன தடவையும் அலை வரல. அதுக்கு முந்தியும் வரல. சரி, நீ பெரிய வீரன்தான். உன் பொண்டாட்டி மஹினாவையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு மேல வா.

...நானா? குன்றுல, எங்க ஆளுங்களோட. தோண்டுறத அப்படியே போட்டுட்டு ஏறிட்டோம்... சிரிக்காதடா! உன் வீட்டுப் பின்னாடி இன்னிக்கு என்ன கெடைச்சுது தெரியுமா? ...தங்கமில்ல, எருமை! தூண் நின்ன குழிங்க. இந்தத் தீவுக்கு முதமுதல்ல படகுல வந்தவங்க வீடு.

...அதேதான். தூணைப் பிடுங்கிக்கிட்டு மேல குடிபோயிட்டாங்கன்னுதானே எல்லாரும் சொன்னோம்? இல்லடா. ஆளுங்க பிடுங்கினா குழி சுத்திலும் அகலும். இது அத்தனையும் மலைப் பக்கம் மட்டும் கிழிஞ்சிருக்கு. கடல் பக்கத்துல இருந்து எதுவோ தள்ளியிருக்கு.

...சண்டையா? சண்டைன்னா வீட்டைக் கொளுத்தியிருப்பாங்க, கரி கிடக்கும். கரியே இல்ல. குழி வெட்டி மீன் சுடுற மண்ணடுப்பு மூடினது மூடினபடி இருக்கு. உள்ள மீன் முள்ளு கலையாமக் கிடக்கு. எடுத்துச் சாப்பிட ஆள் வரல. அதுக்கு மேல முழங்கால் உயரத்துக்குக் கடல் மணலு.

...பயமுறுத்தலடா. பார்த்ததைச் சொல்றேன்.

...என்னது? கல்மேடையா? தெரியும், முன்னோர் மேடை, மிதிக்கக் கூடாது. அதுக்குப் பயந்துதானே கீழ மணல்ல வந்து வீட்டைக் கட்டின! இப்ப ரோட்டைச் சுத்தி வர நேரமில்ல. உனக்குப் பக்கத்துல அது ஒண்ணுதான் உயரம்...

இரு. யாரு அங்க கத்துறது? ...ஊர்ப் பசங்களா? எங்க ஓடுறாங்க? ...இங்கிருந்து தெரியுதுடா. தண்ணி உள்வாங்குது. படகெல்லாம் சேத்துல சாயுது... மீன் பொறுக்கவா? ஐயோ! கூப்பிடு! மஹினாவையும் கத்திக் கூப்பிடச் சொல்லு!

...பெட்டியெல்லாம் கிடக்கட்டும். பாப்பாவைத் தூக்கு... தூக்கிட்டியா? ஓடு. மேடை மேலயே ஏறு. பாவம்னா என் தலையில விழட்டும். முன்னோரையும் கடல் அடிச்சிருக்குடா, உன்னைத் துரத்த மாட்டாங்க... ஏறிட்டியா? ...அப்பாடா. மஹினா?

...எங்க?

...நான் சொன்னேன்னா? பசங்களைக் கூப்பிடவா போயிருக்கா?

...இல்ல. இறங்காத. துவராய், கையில பாப்பா இருக்குடா, இறங்காத! நான் சொல்றதக் கேளு, துவரா...

ஹலோ? ...ஹலோ?