பன்னிரண்டு விநாடிப் பச்சை

காலை எட்டு இருபதுக்கு ஆம்பூரில் பெண்கள் நடப்பதில்லை, ஐயா, ஓடுகிறார்கள். எட்டரைக்கு ஷூ கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைய ஆஜர் கிடையாது, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் டிபன் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஒரே மூச்சில் சாலையைக் கடந்துவிடுவார்கள். பதினெட்டு மீட்டர் அகலம். பதினொரு விநாடி, அதிகம் போனால் பன்னிரண்டு.

அளப்பதுதான் என் வேலை. பெயர் ராமலிங்கம், சிக்னல் பிரிவில் மேற்பார்வையாளர், இருபத்தாறு வருடமாக. வண்டிகளுக்கு எத்தனை விநாடி பச்சை, நடப்பவர்களுக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்து, சாலை மூலையில் நிற்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து அதில் ஏற்றுவேன். சாவி என்னிடம் மட்டும்தான். மற்றவர்கள் சிக்னலை அண்ணாந்து பார்ப்பார்கள், நான் கால்களைப் பார்ப்பேன்.

மாலையில் அதே கால்கள் வேறு மாதிரி. பகல் முழுக்க மெஷினில் உட்கார்ந்து தோல் தைத்தவர்களுக்கு முட்டி பிடித்துக்கொள்ளும். நின்றபடியே பசை தடவியவர்களுக்குப் பாதம் வீங்கியிருக்கும். ஆறு பத்துக்கு ஷிஃப்ட் விட்டால் அதே சாலையைக் கடக்கப் பத்தொன்பது, இருபது விநாடி ஆகும். அதனால்தான் கம்பெனி எதிரே இருக்கும் சிக்னலில் நடப்பவர்களுக்கு இருபத்திரண்டு விநாடி கொடுத்திருந்தேன். எட்டு வருடம் அப்படியே இருந்தது. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஆனதில்லை.

என் மனைவி பாரதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். போன ஆகஸ்டில் ஒரு மாலை அவளுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்பூரில் பார்த்துவிட்டு, உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த சிக்னலில் வண்டி நின்றது. ஷிஃப்ட் விட்ட நேரம். சைரன் அடித்துக்கொண்டே இருந்தது, பெண்கள் கடந்துகொண்டே இருந்தார்கள். நடுச்சாலையில் ஒருத்திக்குச் செருப்பு அறுந்தது. குனிந்து எடுத்து, கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் எங்கள் வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுப் போனாள்.

“ஏங்க, வண்டி நின்னுடுச்சா?” என்றாள் பாரதி.

“இதோ போய்டும்.”

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. பள்ளிகொண்டா வருவதற்குள் அவள் கை சில்லிட்டுவிட்டது.

இருபத்திரண்டு விநாடியால் ஓர் உயிர் போகாது என்று எனக்குத் தெரியும். கணக்குத் தெரிந்தவன் நான். ஆனால் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது கணக்கு உதவுவதில்லை. அந்தப் பெண் தூக்கிய கைதான் கண்ணுக்குள் நின்றது. கோபம் இல்லை, ஐயா. நேரத்தைக் குறைத்தால் இன்னொருவன் மனைவியாவது பிழைப்பாள் என்று தோன்றியது. அதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை.

குறைக்க வேண்டுமென்றால், கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று காட்டும் அளவைத் தாள் வேண்டும். ஜனவரியில் மூன்று நாள், காலையும் மாலையும் போய் அளந்தேன். இரண்டாம் நாள் மாலை, நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் சாலையைக் கடந்து வந்து என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

“இன்னா சார் எண்றீங்க?”

“உங்களத்தாம்மா.”

“எங்கள எண்ணி இன்னா பண்ணப் போறீங்க?” சிரித்துவிட்டாள். “அப்டியே டைம் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிக் குடுங்க சார். முட்டி ரொம்ப பேஜார் பண்ணுது.”

“பாக்கறேம்மா” என்றேன்.

அவள்தான் பில்கிஸ். பெயர் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாலை அளவை எழுதினால் ஒரு விநாடிகூடக் குறைக்க முடியாது. அதனால் காலை அளவை எழுதினேன். பொய் இல்லை. அதே பெண்கள், அதே சாலை. மற்ற தாள்களின் கட்டோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்ட மேலதிகாரிகள் எந்நேரம் எடுத்த அளவு என்று கேட்கவில்லை. இருபத்திரண்டைப் பன்னிரண்டாக்கினேன். நாள் முழுக்க இல்லை, மாலை ஆறிலிருந்து ஆறரை வரை மட்டும். காலையில் ஓடுகிறவர்களுக்கு இருபத்திரண்டு அப்படியே இருந்தது.

முதல் வாரம் திட்டினார்கள். பிறகு மாலையிலும் ஓடப் பழகிக்கொண்டார்கள். பிப்ரவரியிலிருந்து நான்கு மாதம், தினமும் ஆறு மணிக்கு எதிர் டீக்கடையில் போய் நின்றேன். பச்சை அணைந்து நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் குறித்தேன். அந்த நோட்டுத்தான் உங்கள் மேஜைமேல் இருக்கிறது.

ஜூன் முதல் வாரம். பில்கிஸ் பச்சையில்தான் இறங்கினாள். நான் பார்த்தேன். முக்கால்வாசி தூரத்தில் பச்சை போய்விட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, மற்றொரு கையைத் தூக்கினாள். அந்தோணி என்ற டிரைவர் ஓட்டிவந்த தோல் லாரி தனக்குக் கிடைத்த பச்சையில் வந்தது. அவன்மேல் குற்றம் இல்லை.

எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். நான் பெட்டியிடம் ஓடினேன். அவளைத் தூக்குவதற்குள் இருபத்திரண்டு பழையபடி வந்துவிட்டது. மறுநாள் அலுவலகக் கோப்பிலிருந்து அளவைத் தாளை உருவினேன். நேரம் பத்தவில்லை என்று மற்ற பெண்கள் சொன்னதை, விசாரிக்க வந்தவர்கள் அளந்து பார்த்தாயிற்று, இருபத்திரண்டு விநாடி இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். இவ்வளவு நேரம் இருந்தும் நடுவில் மாட்டினாள் என்றால் சிவப்பில்தான் இறங்கியிருப்பாள் என்று எழுதி, என்னையும் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

போன வாரம் அவள் மகள் ஹுமேரா என் அலுவலகத்துக்கு வந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண்.

“எங்க அம்மி செவப்புல கால் வெக்கவே மாட்டாங்க சார். என்னியே கையப் புடிச்சி நிறுத்துவாங்க. எல்லாரும் அவங்க மேலதான் தப்புன்றாங்க. இல்லன்னு ஒருத்தராச்சும் எழுதிக் குடுங்க சார்.”

அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அவள் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன டம்ளரை என்னால் எடுத்துக் கழுவ முடியவில்லை. பாரதி போனபோது வராத அழுகை அப்போது வந்தது. அந்தப் பெண் கேட்டதை எழுதிக் கொடுக்கத்தான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். பில்கிஸ் சிவப்பில் இறங்கவில்லை. அவளைக் கொன்றது நான்.

செருப்பு அறுந்தவள் அவள்தானா என்று கேட்டீர்கள். இல்லை. பில்கிஸ் அந்தக் கம்பெனியில் சேர்ந்ததே டிசம்பரில். பாரதி போன அன்று அவள் பேரணாம்பட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

பழி தீர்க்கச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆம்புலன்ஸ்களுக்கு வழி கிடைக்கட்டும் என்றுதான் செய்தேன். நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டு, அந்த நான்கு மாதத்தில் எத்தனை ஆம்புலன்ஸ் போயிற்று என்று கேட்கிறீர்கள். அதை நான் எண்ணவில்லை, ஐயா.