மாஸ்டர் பக்கத்துப் பிரேக்

"ஹலோ... ஹலோ! ஆமா மேடம், லைன்லதான் இருக்கேன், வச்சிடாதீங்க! ... ஆமா ஆமா, சிக்னல் கேமரா நோட்டீஸ் விஷயமாத்தான். ... நம்பரா? மெஷின் கேட்டப்பவே அமுக்கிட்டேனே. ... சரி சரி, கோவிச்சுக்காதீங்க, மறுபடி சொல்றேன்."

ஒன்றை அமுக்கு, நான்கை அமுக்கு என்று போக்குவரத்து அலுவலகம் அரை மணி நேரம் அலைக்கழித்த பிறகு இப்போதுதான் ஒரு மனிதக் குரல் கிடைத்திருந்தது. பதினாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கே கிளட்சும் கியரும் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் நோட்டீஸ். அதோடு ஒரு படம்: சிவப்பு விளக்கு, கோட்டைத் தாண்டிப் போகிற கார், பளிச்சென்று நம்பர் பிளேட்.

கார் மச்சானுடையது. "தங்கச்சி புருஷன்தான் எடுத்துட்டுப் போனார்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு அந்த மகராசன் கையைக் கழுவிக்கொண்டார். ஓட்டியது யார் என்று பதில் சொல்ல இன்றுதான் கடைசி நாள்.

ஓட்டியவள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் மனைவி. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. கார் லைசென்ஸ் இருந்தால்தான் அது நிலைக்கும். வியாழக்கிழமை டெஸ்ட். நோட்டீஸில் அவள் பெயர் ஏறினால் பழகுநர் லைசென்ஸ் ரத்தாகிவிடும். அப்புறம் டெஸ்ட் ஏது, வேலை ஏது?

"ஓட்டுனது நான்தான் மேடம். ... ஆமா, நானே. எழுதிக்குங்க. ... என்னது? ... முன்பக்கமும் கேமரா இருக்கா? அந்தப் படம் எங்களுக்கு வரவே இல்லியே! ... சரி. ... சரி, நான் எங்க உக்காந்திருக்கேன்? ... ஸ்டியரிங் இல்லாத பக்கமா. ... ஓ. ... வாயப் பொளந்துட்டு இருக்கேனா. ... சட்டையில ஸ்கூல் பேரு வேற தெரியுதா. ... ம்."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டர் 'எல்லாம் சரியாயிடும்' என்று கையைக் காட்டினார். என்ன சரியானது? வாயைத் திறந்த முதல் நிமிஷத்திலேயே பொய் அம்பலம். ஆனாலும் மனுஷனுக்குப் புத்தி வந்ததா என்றால், இல்லை.

"மேடம், உண்மை என்னன்னா... வண்டியில பிரேக் கொஞ்சம் கால வாரிடுச்சு. ... ஆமா, பிடிக்கல. ... ஐயையோ! வண்டியத் தூக்கிட்டுப் போவீங்களா? வேணாம் மேடம்! மச்சான் வண்டி, என்னை உயிரோட உரிச்சிடுவார். ... இல்ல, பிரேக் நல்லாத்தான் இருக்கு. பிரமாதமா இருக்கு. ... அப்ப ஏன் நிக்கலன்னு கேட்டா... ... தெரியும் மேடம், பேசுறது எல்லாம் ரெக்கார்ட் ஆகுதுன்னு ஆரம்பத்துலயே சொன்னாங்க."

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச் சந்தாக இருந்தது.

"எல் போர்டா? ... மாட்டியிருந்தோம். ... ஆமா, பழகுறவங்கதான் ஓட்டுனாங்க. நான் சொல்லிக்கொடுக்க உக்காந்திருந்தேன். ... ரெண்டு கட்டமா? ஃபார்ம்லயா? ... ஒண்ணு, பழகுறவங்க தப்பு. இன்னொண்ணு, சொல்லிக்கொடுத்தவர் தப்பு. ... ரெண்டுல ஒண்ணுதான் டிக் பண்ண முடியுமா? மூணாவதா ஒண்ணு... ... இல்லியா."

கேமராவில் சிக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மனைவி அறிந்த கதை இதுதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாஸ்டர் அவளுக்குக் கார் சொல்லிக்கொடுத்ததே இல்லை. சொந்தப் பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தால் குடும்பம் உருப்படாது என்பது அவர் கட்சி. வேலை வந்த பிறகுதான் இறங்கி வந்தார். ஸ்கூல் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் மச்சான் காரை வாங்கி வந்தார். புறப்படுமுன், "பயப்படாதே, என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு, நீ கோட்டை விட்டா நான் பிடிச்சிடுவேன்" என்றார். சிக்னல் விழுந்தது. அவள் கால் தடுமாறி, அவர் பிடிப்பார் என்று அவரைப் பார்த்தாள். வண்டி நிற்காமல் போய்விட்டது. நல்ல வேளை, குறுக்கே யாரும் வரவில்லை. வீடு வரும்வரை கத்தினார்: "நான் பிடிச்சும் நிக்கலன்னா நீ எவ்வளவு வேகத்துல வந்திருக்கே!"

அன்றைக்கு ஸ்டியரிங்கை விட்டவள்தான். மூன்று வாரமாகத் தொடவில்லை. "எனக்கு இது வராதுங்க, விட்டுடுங்க" என்று நேற்றுக்கூடச் சொன்னாள்.

"என்ன மேடம் கேட்டீங்க? ... என் பக்கம் பிரேக் இருந்துச்சான்னா? ... ... இருக்கேன் மேடம், லைன்லதான் இருக்கேன். ... இருந்துச்சு, பிடிச்சேன், அப்படியும் நிக்கலன்னு சொன்னா? ... என் மேல ஒண்ணும் வராது. ... அவங்களுது ரத்து. ... இல்லன்னு சொன்னா? ... என் இன்ஸ்ட்ரக்டர் லைசென்ஸ நிறுத்தி வைப்பீங்க. ... எத்தனை நாளைக்கு? ... விசாரணை முடியுற வரைக்கும்."

'இருந்தது' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், பதினாறு வருஷப் பெயர் பிழைத்துப்போகும். அவள் நம்பிக்கொண்டிருப்பதும் அதைத்தான், புதிதாக ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றிருந்தது.

"இல்ல மேடம். ... என் பக்கம் பிரேக் இல்ல. ... அது ஸ்கூல் வண்டி இல்ல, வீட்டு வண்டி. வீட்டு வண்டியில எங்க ரெண்டு பிரேக் இருக்கும்? ... அவங்ககிட்ட இருக்குன்னுதான் சொன்னேன். எல்லாருகிட்டயும் முதல் நாள் சொல்றது, வாய்ப் பழக்கத்துல வந்துடுச்சு. ... அமுக்குனேன். ... எதையா? ... மேட்ட. ... மேட் மேடம், காலுக்குக் கீழ கிடக்குமே, ரப்பர் மிதியடி. ... ஓங்கித்தான் அமுக்குனேன். ... சிரிக்காதீங்க மேடம், புண்ணியமாப் போகும்."

கூசிப்போனார். நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சத்தமா சொல்லணுமா? ரெக்கார்ட்ல தெளிவா விழணுமா? ... சரி. ... நான் பிடிச்சிடுவேன்னு அவங்க என்னை நம்பிட்டாங்க. நான் மிதியடிய அமுக்குனேன். அவங்க மேல தப்பே இல்ல. ... வேகமாவா? இல்ல மேடம், இருபதுலதான் வந்தாங்க. நல்லாத்தான் ஓட்டுனாங்க. ... இல்ல. இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல. ... அவங்ககிட்டயும் சொல்லல. ... உறவா? ... சம்சாரம்."

அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"எழுதிக்கிட்டேன். ... நாளைக்கு இன்ஸ்ட்ரக்டர் லைசென்ஸ் கார்டைக் கொண்டாந்து ஒப்படைக்கணும், சரி. ... மேடம், ஒரே ஒரு விஷயம். வியாழக்கிழமை டெஸ்டுக்கு அவங்க வரலாமா? ... வரலாமா! ரொம்ப நன்றி மேடம், ரொம்ப... ... ஹலோ?"

லைன் கட்டாகிவிட்டது. ஆனால் போனை இறக்கினால் திரும்ப வேண்டும். திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ஆமா மேடம். ... கண்டிப்பா மேடம். ... இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்."

மனைவி இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். சீருடையை மடித்து வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துவந்து, அவருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் போட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"ஆமா மேடம்," என்றார் மாஸ்டர். "ஆமா. ... ஆமா."