எங்கள் சந்தேகத்தையும் சுமந்த தேடல் அலுவலர் அம்மையாருக்கு

திறக்க மறுத்த கதவுகளின் முன்னும் கண்ணியம் குறையாதவரே! பூட்டிய அலமாரிகளின் முன் பொறுமையோடும், புன்னகைக்கும் பொய்களின் முன் புருவம் உயர்த்தாமலும் முப்பத்தொரு ஆண்டுகள் நின்றவரே! உரிமையியல் நீதிமன்றத்தின் தேடல் ஆணைப் பிரிவில் ஒரு குண்டூசியையும் விடாமல் குறித்துக்கொண்டதால் 'பட்டியலம்மா' என்று எங்களால் அன்போடும் சற்றே அச்சத்தோடும் அழைக்கப்பட்டவரே! இன்று பணி நிறைவு பெறும் உங்களுக்கு, உடன் பணியாற்றிய நாங்கள் பதினொருவரும் பணிந்து படிக்கும் மடல் இது.

இங்கே வந்திருக்கும் உங்கள் வீட்டாருக்காக ஒரு வார்த்தை. வழக்கில் ஒருவர் தம்மிடமுள்ள சான்றுகளை அழித்துவிடக்கூடும் என்று நீதிபதிக்குத் தோன்றினால், அவருக்குத் தெரிவிக்காமலேயே போய், அவற்றைத் தேடியெடுத்துப் பத்திரப்படுத்த ஆணையிடுவார். அந்த ஆணையோடு காலையில் கதவைத் தட்டுபவர் நீங்கள். யாரையும் நம்பாதிருப்பதே அந்த வேலையின் அரிச்சுவடி. பிரதிவாதியை நம்பமாட்டீர்கள், ஆணை வாங்கிய வாதியையும் நம்பமாட்டீர்கள். வழக்குக்குச் சம்பந்தமில்லாத வாடிக்கையாளர் விவரங்களைப் படமெடுக்கப் பார்த்த வாதியின் வக்கீலைப் பாதித் தேடலில் வெளியே அனுப்பியவர் நீங்கள். வேலை முடிந்து கிளம்பும்போது எங்கள் சட்டைப் பைகளையும் கவிழ்த்துக் காட்டச் சொல்வீர்கள். அதற்கு முன்பே உங்கள் கைப்பை மேசைமேல் கவிழ்ந்திருக்கும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை மறைத்துவிட்டுப் பாராட்டினால் அது அரைகுறைப் பாராட்டு. அதைச் சொல்லும் கடமை, இம்மடலை எழுதும் தலைமை எழுத்தராகிய எனக்கே உரியது.

அந்த ஆண்டு அடுத்தடுத்து இரண்டு தேடல்கள் தோற்றன. அச்சகத்தில், மேசைமேல் படிந்த தூசிக்கு நடுவே கணினி இருந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. சாயப்பட்டறையில் அலமாரிகள் காலி. உரிமையாளர் நமக்காக நாற்காலிகள் போட்டுக் காத்திருந்தார். யாரோ முன்கூட்டியே காதில் போட்டிருக்கிறார்கள். அந்தச் சாயப்பட்டறையில் உங்கள் தம்பி வேலை பார்க்கிறார் என்று தெரிந்ததும் எங்களுக்கு வேறு யோசனையே எழவில்லை. நீங்கள் அதை முன்பே எழுதிக்கொடுத்து விலக அனுமதி கேட்டதும், வேறு ஆளில்லாததால் நீதிபதியே உங்களைப் போகச் சொன்னதும் எங்களுக்குத் தெரியாது.

அதன்பின் நீங்கள் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு உங்கள் மேசைப் பக்கம் யாரும் வரவில்லை. தட்டச்சர் உங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைக் கவனித்துக் குறித்துவைத்தார். நான் ஒரு படி மேலே போனேன். நீங்கள் இல்லாத நேரத்தில், எந்த ஆணையும் இல்லாமல், உங்கள் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். இருமல் மாத்திரை, ஊசி நூல், ஒரு கண்ணாடிப் பெட்டி. மறுநாள் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னீர்கள்: "கண்ணாடிப் பெட்டி இடம் மாறியிருக்கு சார். அடுத்த தடவை கேளுங்க, நானே திறந்து காட்டுறேன்."

நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். கோபப்பட்டேன். உங்களை இந்தப் பணியிலிருந்து நீக்கும்படி நீதிபதிக்கு எழுதினேன். அவர் முடிவெடுக்கும் முன் மூன்றாவது ஆணை வந்துவிட்டது.

செயற்கைக் கால்களுக்கு முழங்கால் மூட்டு வடிவமைத்த ஒரு பெண் பொறியாளரின் வழக்கு அது. ஒன்பது ஆண்டு உழைப்பு. அவரிடம் வேலை பார்த்தவர் மூல வரைபடங்களோடு வெளியேறி, அதே மூட்டைத் தன் கண்டுபிடிப்பு என்று தன் பட்டறையில் செய்துகொண்டிருந்தார். அவை கிடைக்காவிட்டால் அந்தப் பெண்ணிடம் காட்ட வேறெதுவும் இல்லை. பட்டியல் எழுதும் சாக்கில் நானும் உங்களோடு வந்தேன். உண்மையில் உங்களைக் கண்காணிக்க.

பட்டறை உரிமையாளர் சிரித்த முகமாய் ஆணையை வாங்கிப் படித்தார். மூன்று மணி நேரம் தேடியும் ஒரு தாள் அகப்படவில்லை. மிஞ்சியது ஜன்னலே இல்லாத பின்னறை, அதுவும் பூட்டியிருந்தது. பூட்டுகளைத் திறக்க நாம் எப்போதும் அழைத்துப்போகும் சாவிக்காரர் அதைத் திறந்து, இருட்டுக்குள் நேராக நடந்து, ஓர் அலமாரியின் பின்பக்கம் கையை விட்டு விளக்கைப் போட்டார். எனக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. நீங்கள் அசையாமல் நின்றீர்கள்.

"இந்தக் கட்டடத்துக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று அவரைக் கேட்டீர்கள்.

"இல்லைங்கம்மா, இன்னைக்குத்தான்."

"அப்ப சுவிட்ச் அலமாரிக்குப் பின்னாடி இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். சற்று நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. முதல் நாள் மாலையே அங்கு வந்து எச்சரித்து, கைநீட்டி வாங்கிக்கொண்டு, அந்த அறையிலிருந்த காகிதக் கட்டுகளை எடுத்து ஒளிக்கவும் உதவியிருக்கிறார். முந்தைய இரண்டு இடங்களிலும் அவர்தான். முகவரியை அவருக்குக் கொடுத்தது யார்? நான். எந்தத் தெரு, எப்படிப்பட்ட கட்டடம் என்று முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால் சரியான கருவிகளோடு வருவார் என்று, ஒவ்வொரு முறையும் நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மொட்டைமாடியில், தண்ணீரில்லாத தொட்டிக்குள் தார்ப்பாயில் சுற்றிக் கிடந்தன வரைபடங்கள். நாற்பத்திரண்டு தாள்கள்; ஓரங்களில் அந்தப் பெண்ணின் கையெழுத்தில் திருத்தங்கள். நான் பேனாவை உங்களிடம் நீட்டினேன். பட்டியலையும் நீங்களே எழுதி முத்திரையிட்டீர்கள். அந்தத் தாள்களைக் கொண்டே வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது.

திரும்பும் வண்டியில், அறிக்கையில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். என்னைக் காப்பாற்றுங்கள் என்பதைத்தான் அப்படிக் கேட்டேன்.

"உங்க ஃபோனாலதான் தகவல் போச்சுன்னு எழுதுவேன். உங்களுக்கு உள்நோக்கம் இல்லைன்னும் எழுதுவேன். ரெண்டும் உண்மைதானே" என்றீர்கள்.

முதல் வரியால் எனக்குக் கண்டனம் வந்தது. இரண்டாம் வரியால் வேலை தப்பியது. மறுநாள் மதியம் சாப்பாட்டோடு எல்லோரும் உங்கள் மேசைக்கு வந்தோம். நீங்கள் கோப்புகளை நகர்த்தி இடம் விட்டீர்கள். மன்னித்தீர்களா என்று கேட்கும் துணிவு அன்று எவருக்கும் வரவில்லை. இன்று, நிறைந்த அவையில், உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

நேர்மையே நிழலாய், நிதானமே நடையாய் நின்ற அம்மையீர்! வாசலில் உங்களைக் கண்டு முகம் மாறியவர்களையே முப்பத்தொரு ஆண்டுகளாகப் பார்த்துவிட்டீர்கள். இனி உங்கள் காலடி கேட்டு மகிழ்வோர் மட்டுமே உங்களைச் சூழட்டும்! நோயற்ற உடலும் நிறைவான உள்ளமும் நெடுங்காலம் உங்களோடு நிலைக்கட்டும்! எங்களில் எவர் வீட்டுக்கும் எந்த நாளும் வாருங்கள். சொல்லிவிட்டு வர வேண்டியதில்லை.

என்றும் மதிப்புடன்,
தேடல் ஆணைப் பிரிவின் பதினொரு பணியாளர்கள்

எழுதிப் படித்தவர்: தலைமை எழுத்தர்