தபால் எண் 417-ம் ஐயாயிரம் வாலாவும்

கண்ணம்மாள், வயது 51, க/பெ ஆண்டிச்சாமி, 3/118, தெற்குத் தெரு, சேவுகம்பட்டி, திண்டுக்கல் மாவட்டம் என்பவர் 23.08.2025 சனிக்கிழமை காலை 10.15 மணிக்குக் காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகி உதவி ஆய்வாளர் முன்பு கூறிய வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். என் கணவர் சம்பங்கி விவசாயம் செய்கிறார். நான் பழனி சாலையில் உள்ள மகளிர் கல்லூரியில் தபால் பிரிவு எழுத்தராக இருபத்து மூன்று வருடமாக வேலை பார்த்து வருகிறேன். அதே கல்லூரியில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும்போது 1993-ல் எனக்குத் திருமணமாகி, படிப்பு நின்றுவிட்டது. நேற்று 22.08.2025 மதியம் கல்லூரி வாசலில் ஐயாயிரம் வாலா சரவெடி வெடித்ததில் பழனி செல்லும் பேருந்து ஒன்று பன்னிரண்டு நிமிடம் நின்றது குறித்து என்னை விசாரித்தீர்கள். வெடி வாங்கியது நான். ஏன் வாங்கினேன் என்று கேட்டதற்கு, அதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும் என்று கூறினேன்.

எங்கள் கல்லூரியில் நஸீரா மேடம் மூன்று வருடமாகப் பொறுப்பு முதல்வராக இருந்து வந்தார். சென்ற ஆண்டு மண்டலக் கல்வி வாரியத்தில் முதல்வர்களுக்கென உள்ள ஓர் இடத்துக்குத் தேர்தல் அறிவித்தார்கள். அதில் நஸீரா மேடமும் வேறொரு கல்லூரியின் முதல்வர் இனிகோ சாரும் நின்றார்கள். கல்யாணத்தால் படிப்பை விட்ட பெண்கள், முன்பு தேறிய பாடங்களைத் திரும்ப எழுதாமல், விட்ட இடத்திலிருந்து படிக்க வாரியத்தில் தீர்மானம் கொண்டுவருவேன் என்று மேடம் எல்லாக் கல்லூரிகளுக்கும் கடிதம் அனுப்பினார். அந்தக் கடிதங்களை உறையில் போட்டு ஒட்டியது நான். விதிப்படி, மனுத் தாக்கலுக்குக் கடைசி நாளான 20.11.2024 அன்று வேட்பாளர் நிரந்தர முதல்வராக இருக்க வேண்டும், பொறுப்பு முதல்வர் செல்லாது. மேடம் மனுவை முன்பே கொடுத்திருந்தார், ஆனால் அவரை நிரந்தர முதல்வராக்கிய ஆணை 19-ம் தேதி மாலைதான் அவர் கைக்கு வந்தது. எனவே மறுநாள் வந்து பொறுப்பேற்பதாக இருந்தது.

அதன் பின்பு 20-ம் தேதி விடியற்காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. கல்லூரிகளுக்கு விடுமுறை விட்ட செய்தி வருவதற்குள் நான் ஆறு மணிப் பேருந்தில் ஏறிவிட்டேன். கல்லூரிக்கு வந்தால் ஒருவரும் இல்லை. காவலாளியும் வரவில்லை. என்னிடம் இருந்த சாவியால் தபால் அறையை மட்டும் திறந்து உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணிக்கு மேல் ஒரு தக்காளி டெம்போ வாசலில் நின்று, அதிலிருந்து நஸீரா மேடம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். பேகம்பூரில் முழங்கால் அளவு தண்ணீர் என்றும், ஒட்டன்சத்திரம் போகிற வண்டியை மறித்து ஏறி வந்ததாகவும் கூறினார். அவருடைய செல்போன் நனைந்து அணைந்து போயிருந்தது. என்னுடையதில் சார்ஜ் இல்லை, மின்சாரமும் இல்லை.

அதன் பின்பு பார்த்ததில், பொறுப்பேற்றதற்குக் கையெழுத்திட வேண்டிய வருகைப் பதிவேடு பீரோவுக்குள் இருந்தது, பீரோ சாவி கண்காணிப்பாளர் இஃப்பத் மேடம் வீட்டில் இருந்தது. நஸீரா மேடம் நாற்காலியில் உட்கார்ந்து, “அம்புட்டுதான் கண்ணம்மாக்கா. இம்புட்டு தூரம் நனைஞ்சு வந்தது தண்டமாப் போச்சு” என்றார். நான், “ஏன் மேடம், நீங்க பொறுப்பேத்துக்கிட்டேன்னு ஒரு கடுதாசி எழுதி எங்கிட்டக் குடுங்க. ஆபீசுக்கு வந்த கடுதாசிய வாங்கிப் பதியறதுதான என் வேலை” என்றேன். உடனே அவர் ஒரு தாளில் பொறுப்பேற்புக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நான் அதைத் தபால் வரவுப் பதிவேட்டில் 417 என்று எண்ணிட்டு, தேதியும் காலை 10.50 என்ற நேரமும் எழுதி முத்திரை குத்தினேன். அதன் பின்பு நான் கொண்டு வந்திருந்த சோற்றையும் கத்தரிக்காய் வெஞ்சனத்தையும் இரண்டு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். முதல்வரானதற்கு இதுதான் விருந்து என்று அவர் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தேர்தலில் மேடம் 22 ஓட்டும் இனிகோ சார் 20 ஓட்டும் வாங்கினார்கள். அதன் பின்பு இனிகோ சார் திண்டுக்கல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 20-ம் தேதி கல்லூரி பூட்டிக் கிடந்தது, வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தும் இல்லை, மேடம் மறுநாள் காலை பத்து மணிக்குப் பொறுப்பேற்றுவிட்டு முதல் நாள் தேதி போட்ட காகிதத்தைப் பின்னால் தயாரித்திருக்கிறார்கள், ஆகவே அவர் நிற்கவே தகுதியில்லை என்பது வழக்கு. வாரியத்தில் மேடம் உட்காரத் தடை வந்தது. அந்தத் தடை ஏழு மாதம் இருந்தது. நிர்வாகத்தில் சிலர், மேடம் ராஜினாமா செய்துவிட்டால் கல்லூரி பெயராவது தப்பும் என்று அவரிடமே சொன்னார்கள். அந்த நாட்களில் அவர் தபால் அறைக்கு வந்து செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

சென்ற மாதம் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல், 417 என்ற வரியைக் காலியாக விட்டுவிட்டுப் பின்னால் நிரப்பினீர்கள் என்றார். இருபத்து மூன்று வருடத்தில் நான் ஒரு வரியும் காலியாக விட்டதில்லை என்றேன். அந்தத் தீர்மானம் வந்தால் நீங்களும் திரும்பப் படிக்கலாம், அதனால்தான் இப்படிச் சொல்கிறீர்கள் என்றார். “ஆமாங்கய்யா, வந்தா நானும் படிப்பேன். அதுக்காக நம்பர மாத்தி எழுத எனக்கு வராது” என்று சொன்னேன். நீதிமன்றத்தில் சிலர் சிரித்தார்கள்.

அதன் பின்பு நீதிபதி அவர்கள் பதிவேட்டை வாங்கிப் பார்த்து, 418-ம் எண் என்ன என்று கேட்டார். அது மறுநாள் 21-ம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு ஆள் மூலம் வந்த விளையாட்டுப் போட்டி அழைப்பு. அனுப்பியது இனிகோ சாருடைய கல்லூரி. கொண்டு வந்தவர் நீட்டிய நகலில் நான் 418 என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தனுப்பியிருந்தேன். அந்த நகலைக் கொண்டுவரும்படி நீதிபதி கூறினார். மறு வாய்தாவில் இனிகோ சாரே தன் அலுவலகக் கோப்பிலிருந்து அதைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அவர் அதைக் கிழித்துப் போட்டிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. நகலில் 418 என்றும் 21.11.2024 காலை 9.30 என்றும் இருந்தது. வழக்கில் சொன்னபடி மேடம் பத்து மணிக்குத்தான் வந்தார் என்றால், ஒன்பதரை மணிக்கே 417-ஐக் காலியாக விட்டு 418 போட எனக்குக் காரணமே இல்லை, ஆகவே 417 முந்தைய நாள் பதிந்தது என்று ஆயிற்று.

நேற்று காலை 11.30 மணிக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். நஸீரா மேடம் 20-ம் தேதியே முதல்வர், தேர்தல் செல்லும், வழக்குத் தள்ளுபடி. மேடம் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். வராந்தாவில் இனிகோ சார் அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு என்னிடம் வந்து, “எங்க ஆபீஸ்ல உங்க மாதிரி ஒருத்தர் இல்லையேம்மா” என்றார். மேடம் வக்கீல் அலுவலகத்துக்குப் போய்விட்டு வருவதாகக் கூறினார். நான் மட்டும் பேருந்தில் ஏறி, வழியில் இறங்கி, மேற்படி ஐயாயிரம் வாலாவை வாங்கினேன். யாரும் வாங்கச் சொல்லவில்லை. என் கணவருக்குப் போன் செய்ததில், அவர் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு வந்திருந்த சம்பங்கியில் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு நேராகக் கல்லூரிக்கு வந்துவிட்டார்.

மதியம் 1.05 மணிக்குக் கல்லூரி வாசலில் சரவெடியை விரித்ததில், அது நான் நினைத்ததைவிட நீளமாக இருந்து பாதி தார்ச் சாலையில் கிடந்தது. மாணவிகள் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் ஊதுபத்தியால் பற்ற வைத்தேன். அப்போது பழனிப் பேருந்து வந்து நின்றது. வெடி பாதியில் திரி அணைந்து நின்றுபோனது. மீதி வெடிக்குமா வெடிக்காதா என்று தெரியாமல் பேருந்தும் நகரவில்லை, நாங்களும் கிட்டே போகவில்லை. பேருந்திலிருந்து காவடியோடு இறங்கிய பக்தர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். என் கணவர் எல்லோர் மேலும் சம்பங்கியை அள்ளி வீசிக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அவர் வாய் விட்டுச் சிரித்து நான் பார்த்தது மிகவும் குறைவு. காவடி வைத்திருந்த ஒருவர் ஆட ஆரம்பித்தார். ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, “ஏம்மா, பாக்கியவும் கொளுத்தித் தொலைங்க. நான் போகணும்ல” என்றார்.

இதில் முதல்வருக்குத் தொடர்பு உண்டா என்று என்னைக் கேட்டீர்கள். மேடத்தின் மேல் வழக்கு என்று வந்தால் வாரியப் பதவிக்கு மறுபடி ஆட்சேபம் கிளம்பும் என்று பயந்து, அவர் அங்கே இல்லை என்று சொல்லும் எண்ணத்தில்தான் இன்று காலை வீட்டிலிருந்து கிளம்பினேன். காவல் நிலைய வாசலில் மேடம் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். “எனக்காகப் பொய் சொல்ல வேணாம்க்கா. கோர்ட்ல சொன்ன மாதிரியே இங்கயும் சொல்லுங்க” என்றார். ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். ஓட்டுநர் கத்திக்கொண்டிருந்தபோது மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார். “ரோட்டுல என்னக்கா இது!” என்று என்னைச் சத்தம் போட்டார். அதன் பின்பு பேருந்தைப் பார்த்தார், மாணவிகளைப் பார்த்தார், என் கையிலிருந்த ஊதுபத்தியை வாங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து மீதியைப் பற்ற வைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். ஆகவே பேருந்து நின்றதில் முதல் ஏழு நிமிடம் என்னாலும், அடுத்த ஐந்து நிமிடம் முதல்வராலும் ஏற்பட்டது.

இதைக் கேட்ட பின்பு நீங்கள் நடத்துநர் கொடுத்த மனுவை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அதில் அவர் யார் மேலும் நடவடிக்கை கேட்கவில்லை என்றும், வண்டி தாமதமானதற்குப் பணிமனையில் காட்ட ஓர் அத்தாட்சி மட்டும் கேட்டிருக்கிறார் என்றும் தெரிந்துகொண்டேன். இனிமேல் சாலையில் வெடி வைக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். நடந்ததற்கு வருத்தப்படுகிறீர்களா என்று கேட்டதற்கு, பேருந்தை நிறுத்தியதற்கு வருத்தப்படுகிறேன், வெடித்ததற்கு வருத்தப்படவில்லை என்று கூறினேன்.

மேலே எழுதியிருப்பதை நானே வாங்கி இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் விட்டுப்போன ஒரு சொல்லை நான் சொல்லித் திருத்தினார்கள். நடந்தது நடந்தபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்)
ஆ. கண்ணம்மாள்
23.08.2025